தலைமதகில் மணல்: மாதிரியாறு சொல்வதும் சொல்லாததும்

ஆற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் தலைமதகு, நீரில் தன் பங்கைக் கொள்வதோடு நில்லாமல், மணலில் தன் பங்குக்கு மிக அதிகமாகக் கொள்ளும் என்பது, 1926-இல் ஜெர்மனியில் புல்லே என்பவர் ஆய்வுக்கூடத் தொட்டியில் நடத்திய பரீட்சைகளால் ஐயமற நிறுவப்பட்டது. நீர் சரிபாதியாகப் பிரிந்தபோதும், அடியில் உருண்டுவந்த மணல் ஏறத்தாழ முழுவதும் கிளைக்காலிலேயே புகுந்தது. மேல்நீர் வேகமுடையது, எளிதில் திரும்பாது. அடிநீரோ தரையோடு உராய்ந்து வேகம் குன்றியதாகலின் முதலில் திரும்பும், திரும்பும்போது மணலையும் உடனழைத்துச் செல்லும்.

ஆற்று வளைவிலும் அடிநீர் இவ்வாறே முதலில் திரும்பும். இதனைக் கண்ணாலேயே காணலாம். ஆய்வுக்கூடத்தில் சிறிதாக அமைத்த மாதிரியாற்றின் வளைவொன்றில் பர்மாங்கனேட்டுப் பரல்கள் சிலவற்றைத் தரையில் இட்டு, மேலே காகிதத் துணுக்குகளைத் தூவினால், துணுக்குகள் வெளிக்கரையில் ஒதுங்க, ஊதாக் கோடுகள் மணல்மேல் ஊர்ந்து உட்கரையைச் சேரும். ஆதலால் வெளிக்கரை மதகுக்குத் தெளிந்த நீரும் உட்கரை மதகுக்கு மணலும் வந்து சேரும். கலக்கிய தேநீர்க் கோப்பையில் இலைத்தூள் நடுவே குவிவதற்கும் இதுவே காரணமென்று ஐன்ஸ்டைன் அதே 1926-இல் விளக்கினார்.

ஆயின் ஓட்டத்தின் திசையைக் காட்டும் மாதிரி, மணலின் அளவையும் காட்டுமா? காட்டாது என்பதே என் துணிபு. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில், மாதிரி ஓட்டங்களுக்குரிய ஃபுரூட் விதிப்படி வேகம் ஏழில் ஒரு பங்காகும். ஆற்றின் வினாடிக்கு 17,700 கன அடிப் பிரவாகத்துக்கு மாதிரியில் ஒரு கன அடி போதும். மணலையும் அவ்வாறே சுருக்கப் புகுந்தால், கால் மில்லிமீட்டர்ப் பரல் 0.005 மில்லிமீட்டராகி, மணலென்னும் சுபாவத்தையே இழந்து, ஒட்டும் சேறாகிவிடும். சுருக்காது இட்டாலோ, மெலிந்த ஓட்டத்தில் எளிதில் அசையாது. அதனால் நிலக்கரித்தூள் போன்ற இலேசான பொருளைப் பிரயோகிக்கிறார்கள். அது நகரும், ஆனால் ஆற்றுமணலின் கணக்கில் நகராது. ஆழத்தை மட்டும் மிகைப்படுத்தும் வழக்கம் நெடிய ஆற்றுப் பகுதிக்குப் பொருந்தலாம். தலைமதகுக்குப் பொருந்தாது, ஏனெனில் ஆழ அகல விகிதம் மாறினால் நாம் ஆராய வந்த சுழற்சியே உருமாறிவிடும். ஆகவே, ஆற்றில் முன்பே கண்ட படிவை மாதிரி முதலில் காட்டித் தேறவேண்டும். பின்னரே இரண்டு ஏற்பாடுகளுள் எது மேலென்று அதனைக் கேட்கலாம். எத்தனை டன் குறையும் என்று கேட்கலாகாது.

சிந்து நதியில் 1932-இல் திறக்கப்பட்ட சுக்கூர் கதவணையின் வரலாறு இதற்குச் சான்று. வலக்கரைக் கால்வாய்கள் மூன்றிலும் மணல் ஏறிவிடவே, பூனாவை அடுத்த கடக்வாஸ்லா ஆய்வு நிலையத்தில் கிளாட் இங்கிலிஸ் மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்தார். மதகுகளுக்கு முன்னே புறக்கரை எழுப்பி, வளைந்த அணுகுகால் வழியே நீரைக் கொணரும் ஏற்பாடு அவ்வாராய்ச்சியின் பயனாகக் கட்டப்பட்டது. கேட்டது திசையைப் பற்றிய வினா. மாதிரியும் செவ்வனே விடை தந்தது. ஆனால் மணலை விலக்கும் பொருட்டு அணையின் 66 கண்களில் பத்து அடைபட்டன. வினாடிக்கு 15 லட்சம் கன அடிக்கென வகுத்த வெள்ளத்திறன் 9 லட்சமாகக் குறைந்தது. மணலை விலக்கியதற்கு ஆறு கேட்கும் இத்தகைய விலையையும் மாதிரி அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதிவைக்குமாறு நீரியல் பொறியாளர்களை வேண்டுகிறேன்.