பேரும் அரைப்பேரும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவில் எழுவது இலக்கிய வாசகர்க்கு இயல்பு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்பவர் காண்பதோ சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிகளும் அவற்றின் நிழலில் வளரும் காப்பிச் செடிகளும். அவற்றுள் பல, மலையாளிப் பழங்குடியினரின் சொந்தச் சிறு நிலங்கள். மலைப்பயிர் என்றாலே துரை, பங்களா, லயம் என்று பழகிவிட்ட மனத்துக்கு இக்காட்சி சற்று வியப்பளிக்கும்.

அந்தத் துரையும் லயமும் இம்மலையின் அடிவாரத்துக்கு அந்நியமானவை அல்ல. 1830கள் தொடங்கி, 1939இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற மக்களில் பெரும் பகுதியினர் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலையைச் சூழ்ந்த அன்றைய சேலம், திருச்சி மாவட்டங்கள் அவற்றுள் முக்கியமானவை. ஆள் சேர்ப்பதற்கென்றே 1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார் திருச்சியில் ஓர் அலுவலகம் திறந்தனர். பஞ்சமும் சாதியும் விரட்ட, பச்சை மலைகளை நம்பிச் சென்றவர்கள் அங்கே கண்ட வேலைமுறையை விளக்க எனக்கு ஒரு சொல் போதும் என்று தோன்றுகிறது: பேர்.

விடியுமுன் தப்பு முழங்கும். எல்லாரும் பிரட்டுக்களத்தில் கூட வேண்டும். (பிரட்டு என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வேலைக்குச் செல்பவரைப் படைவீரர்போல் நிறுத்தி எண்ணியதன் தடம் அச்சொல்லிலேயே கிடக்கிறது.) நாள் முழுதும் உழைத்தவருக்குக் கணக்கப்பிள்ளை ஏட்டில் ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. தாமதமாக வந்தாலோ, கொழுந்தின் நிறை குறைந்தாலோ, அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறையில் கழித்த பின்னரே கணக்கு. மழையில் அட்டைக்கடியோடு நாள் முழுதும் நின்ற பெண், மாலையில் தராசின் முன் தன் பேரில் பாதியை இழந்து லயத்துக்குத் திரும்பினாள். மனிதரின் பெயரையே கூலியின் அளவாக்கி, பின் அதை இரண்டாக வெட்டிய வேறு தொழிலிடம் உண்டா என்று நான் அறியேன்.

இதைச் செய்தவர் முரட்டுத் துரைமார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. முரடர் இருந்தனர், ஆனால் முரட்டுத்தனம் கணக்கிலேயே இருந்தது. கங்காணிக்கு வேலைக்கு வந்த தலை ஒன்றுக்குச் சில சதம் 'தலைக்காசு' கிடைக்கும். ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் அக்காசு அவருக்கு இல்லை. ஆகவே காய்ச்சல்காரரையும் எழுப்பிப் பிரட்டுக்கு இழுத்து வருவதில் கங்காணிக்கு இலாபம் இருந்தது. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில வேளைகளில் உறவினரும்கூட. இதனால் அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊரின் உறவுமுறையையே விரட்டும் கோலாக மாற்றிக்கொண்ட நிர்வாகத்தின் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன்.

விலகிப் போகலாமே என்று கேட்கலாம். அதற்குத்தான் துண்டு. இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுவோர் இவரை அழைத்துப் போகலாம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. கடனில் பெரும்பங்கு கங்காணி வழியாக ஏறியது. எழுத்தறியாத தொழிலாளி அதைச் சரிபார்க்க வழியில்லை. துண்டின்றி வெளியேறினால் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலையை விடுவது குற்றமாக இருந்த இடத்தில், வேலையின் கொடுமையைப் பற்றி யாரிடம் முறையிடுவது? துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதும் அத்துமீறலாகவே கருதப்பட்டது. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்று நிலைமையை அறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் நிறுவியவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப் பாடி மக்களைக் கூட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

தமிழ் இலக்கியம் இதை அறவே மறந்துவிடவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இலேயே வந்துவிட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், அங்கும் இதே கதைதான் என்பதை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆனது. ஆயினும் நம் நாவல்களில் துரையும் கங்காணியும் நினைவில் நிற்கும் அளவுக்குக் கணக்கப்பிள்ளையின் ஏடு நிற்பதில்லை என்பது என் குறை.

2021 மார்ச்சில் இலங்கையில் தோட்ட நாட்கூலி 1000 ரூபாய் என அரசிதழில் வெளியானது. நீண்ட போராட்டத்தின் பயன் அது. அதையடுத்து, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையை நிர்வாகங்கள் உயர்த்திவிட்டன என்றும், அதை எட்டாதவர்க்கு அரைப்பேர்தான் விழுகிறது என்றும் மலையகத்திலிருந்து முறையீடுகள் எழுந்தன.