மங்கிய ஒளியும் தனித்த ஒளியும்

ஒளி அலையா, துகளா என்னும் வினா நெடுங்காலமாக அறிஞரின் சிந்தனையைத் தூண்டி வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் தாமஸ் யங், ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் கூடச் செய்து, ஒளியும் இருளும் மாறிமாறி அமையும் வரிகளைக் காட்டினார். முகடும் முகடும் கூடினால் ஒளி. முகடும் பள்ளமும் கூடினால் இருள். குறுக்கீடு எனப்படும் இவ்விளைவால் அலைக் கொள்கை நிலைபெற்றது. ஆனால் 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியாற்றல் தனித்தனிக் கூறுகளாக அமைந்துள்ளது என்று கருதினார். அக்கூறே பிற்காலத்தில் போட்டான் எனப் பெயர் பெற்றது.

1909இல் ஜெஃப்ரி டெய்லர் ஒரு சோதனை செய்தார். வாயு விளக்கின் சுடரைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கச் செய்து, ஊசியொன்றின் நிழலைப் படமெடுத்தார். மிக மங்கிய ஒளியில் ஒரு படத்திற்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. எனினும், நிழலோரத்து வரிகளின் தெளிவு சற்றும் குறையவில்லை.

தனிப் போட்டானும் குறுக்கீடு செய்கிறது என்பதற்கு இச்சோதனையைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது முற்றும் பொருந்துமா? பொருந்தாது. அலைக் கொள்கையும் அதே வரிகளைத்தான் எதிர்பார்க்கிறது. மேலும், மங்கிய ஒளி வேறு; தனித்த ஒளி வேறு. தூறல் எத்துணை மெல்லியதாயினும், இரு துளிகள் ஒருங்கே விழுவதும் உண்டன்றோ?

அங்ஙனமாயின் உண்மையைப் பிரித்தறிவது எவ்வாறு? பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியின் இருபுறமும் உணர்கருவிகளை வைத்தல் வேண்டும். அலையாயின் அது இருபுறமும் பிரியும்; இரு கருவிகளும் ஒருங்கே பதிவு செய்யும் நிகழ்வுகள், தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவினின்று குறையா. தனிப் போட்டானோ பிளவுபடாது; ஒரு கருவியையே சேரும்.

1956இல் ஹான்பரி பிரௌன், ட்விஸ் ஆகிய இருவரும் இத்தகைய அமைப்பில் பாதரச விளக்கின் ஒளியை ஆராய்ந்தனர். உடன்நிகழ்வுகள் தற்செயல் அளவினும் மிகுந்தே இருந்தன. அதற்கு அலைக் கொள்கையே விளக்கம் தரும். 1977இல் கிம்பிள், டாகனே, மாண்டல் ஆகியோர் சோடிய அணுக்களின் ஒளியில் அவை குறைவதைக் கண்டனர். ஒரு போட்டானை வெளியிட்ட அணு, உடனே மற்றொன்றை வெளியிட இயலாமையே இதன் காரணம்.

1986இல் பாரிசு நகரையடுத்த ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே ஆகியோர் இரு வினாக்களுக்கும் ஒருசேர விடை கண்டனர். கால்சிய அணு அடுத்தடுத்து இரு போட்டான்களை வெளியிடும். முதலாவது, இரண்டாவதன் வரவை அறிவித்தது. அலைக் கொள்கைப்படி உடன்நிகழ்வு விகிதம் 1க்குக் குறையலாகாது. அவர்கள் கண்டதோ 0.18. பின்னர் அதே போட்டான்களை இரு பாதைகளில் செலுத்திக் கூடச் செய்தபோது, குறுக்கீட்டு வரிகளும் தெளிவாகத் தோன்றின. பிளவுபடாத ஒன்றே இருவழியும் சென்றதுபோல் நடந்துகொள்கிறது என்னும் புதிர் இங்ஙனம் உறுதிப்பட்டது.

ஆகவே, மாணவர்க்கு இதனை விளக்கும் ஆசிரியர் டெய்லரோடு நின்றுவிடலாகாது. வரிகள் குறுக்கீட்டைக் காட்டும். போட்டானைக் காட்டுவது எண்ணிக்கையே. இவ்விரண்டும் ஒரே ஒளியில் காணப்படும்போதுதான் சான்று நிறைவு பெறுகிறது.