ஆலிவ் ஆயிலில் வடை சுடலாமா? பால்சாமிக் வினிகரை எதில் சேர்க்கணும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தாளிப்புக்கு கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் பழக்கம். ஆலிவ் ஆயில் வாங்குவோர் முதலில் லேபிளைப் பார்க்கணும்.

'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது ரசாயனம் இல்லாமல் பிழிந்தது, நம்ம செக்கு எண்ணெய் மாதிரி. 'போமஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்து சுத்திகரித்தது. விலை குறைவு, வடை, பஜ்ஜிக்கு இதுவே போதும். எக்ஸ்ட்ரா வர்ஜின் சுமார் 190 டிகிரி வரை புகையாது, மிதமான தீயில் தாளிக்கலாம். புகைய விட்டால் மணமும் போச்சு, காசும் போச்சு!

எடை குறையும்னு நம்பி தாராளமா ஊத்துறாங்களா? ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெய்க்கும் இதே கணக்குதான்.

பால்சாமிக் வினிகர் இத்தாலியின் மொடெனா பகுதியில் திராட்சைச் சாற்றில் செய்யப்படுவது. பாரம்பரிய வகையை குறைந்தது 12 ஆண்டுகள் மரப்பீப்பாயில் ஊற வைப்பாங்க. கடைகளில் கிடைக்கும் சாதாரண வகையில் ஒயின் வினிகரும் கலந்திருக்கும். புளிப்போடு இனிப்பும் இருப்பதால் ரசத்தில் புளிக்கு மாற்றாகாது. பெரம்பலூர் சின்ன வெங்காயத்தை நறுக்கி, ஒரு ஸ்பூன் வினிகர், இரண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில், உப்பு, மிளகு சேர்த்துப் பிசறினால் சப்பாத்திக்கு சூப்பர்.

பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைக்காதீங்க. சூடும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.