மேசை ரம்பத் தகடு

மேசை ரம்பத் தகடு என்பது மேசை ரம்பத்தின் சுழல்தண்டில் பொருத்தப்பட்டு, மேசையிலுள்ள பிளவின் வழியே மேலெழுந்து மரத்தை அறுக்கும், விளிம்பில் பற்களையுடைய எஃகு வட்டு ஆகும். பட்டறை வழக்கில் இது பிளேடு எனப்படுகிறது. தற்காலத் தகடுகளில் பெரும்பாலானவை எஃகு உடலையும், பற்றாசு வைத்து ஒட்டப்பட்ட தங்குதன் கார்பைடு பல்முனைகளையும் கொண்டவை. இக்கடினப் பொருளை 1920களில் செருமனியின் குரூப் நிறுவனம் விடியா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 'வைரம் போல' எனப் பொருள்படும் செருமன் சொற்களின் சுருக்கமே அப்பெயர்.

அளவுப் பொருத்தம்

வட அமெரிக்க மேசை ரம்பங்களில் 10 அங்குல (254 மி.மீ.) விட்டமும் 5/8 அங்குல நடுத்துளையும் உடைய தகடு பரவலாக உள்ளது. ஐரோப்பிய இயந்திரங்களில் 30 மி.மீ. துளை வழக்கம். இயந்திரத்திற்குக் குறிக்கப்பட்ட விட்டத்தினும் பெரிய தகட்டைப் பொருத்துதல் கூடாது. தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள உச்சச் சுழற்சி வேகம் சுழல்தண்டின் வேகத்தை விடக் குறைவாக இருத்தலும் ஆகாது. 254 மி.மீ. தகடு நிமிடத்திற்கு 4000 முறை சுழலும்போது அதன் பல்முனை நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர் வேகத்தில் செல்கிறது.

பற்கள்

நார்ப்போக்கில் நீளவாக்கில் அறுக்க 24 பற்களும், குறுக்கு வெட்டுக்கும் ஒட்டுப்பலகைக்கும் 60 முதல் 80 பற்களும், இரண்டிற்கும் பொதுவாக 40 அல்லது 50 பற்களும் உடைய தகடுகள் பயன்படுகின்றன. பற்கள் கூடினால் வெட்டு நன்றாக அமையும் என்ற எண்ணம் பாதி உண்மையே. நீளவாக்கில் அறுக்கும்போது நீண்ட நார்ச்சுருள்கள் வெளிவருகின்றன. 80 பல் தகட்டின் சிறிய பல்லிடைக் குழிகள் அவற்றால் அடைபட்டு, தகடு சூடேறி, மரம் கருகுகிறது. பல்முனையின் வடிவமும் வேறுபடும். தட்டை முனை நீளவாக்கு அறுப்புக்கும், இடம் வலமாக மாறி மாறிச் சாய்ந்த முனை குறுக்கு வெட்டுக்கும், சரிவக முனையும் தட்டை முனையும் அடுத்தடுத்து அமைந்த தகடு லேமினேட், எம்.டி.எப். போன்ற கடினப் பலகைகளுக்கும் ஏற்றவை.

வெட்டுத்தடமும் பிளவுக் கத்தியும்

முழுத் தடிமன் தகடு ஏறத்தாழ 3.2 மி.மீ. அகலத்திலும், மெல்லிய தகடு 2.4 மி.மீ. அகலத்திலும் வெட்டுத்தடம் உண்டாக்கும். மெல்லியது கால் பங்கு குறைவாக மரத்தை நீக்குவதால் ஆற்றல் குறைந்த மின்னோடிகளுக்கு உகந்தது. புதிய தகடு வாங்குவோர் பலர் தவற விடுவது இதற்கு அடுத்த படியையே. தகட்டின் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தி, வெட்டுத்தடத்தை விட மெல்லியதாகவும் தகட்டின் உடலை விடத் தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். தடம் அதனினும் குறுகியதாயின் மரம் கத்தியில் முட்டி நின்றுவிடும். கத்தி மிக மெல்லியதாயின், அறுபட்ட மரம் மூடிக்கொண்டு தகட்டின் பின்புறப் பற்களைக் கவ்வ, அவை மரத்தை இயக்குபவரை நோக்கி எறியக்கூடும். இது பின்னுதைப்பு எனப்படும்.

2004 இல் விற்பனைக்கு வந்த சாஸ்டாப் போன்ற, தோல் பட்டவுடன் தகட்டை நிறுத்தும் இயந்திரங்களில் தடைக்கட்டைக்கும் பல்முனைக்கும் உள்ள இடைவெளி முக்கியமானது. எனவே குறிக்கப்பட்ட விட்டத்திலிருந்து விலகுதல் அங்கு பாதுகாப்பையே பாதிக்கும்.

கோளாறுகளை அறிதல்

மழுங்கியதாகத் தோன்றும் தகடு பல நேரங்களில் அழுக்கடைந்த தகடே. பல்லின் பக்கங்களில் மரப்பிசின் படிந்தால் உராய்வு மிகுந்து கருகல் தோன்றும். தகட்டைக் கழற்றி, அதற்கான கரைசலில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தபின் மீண்டும் அறுத்துப் பார்த்தல் செலவற்ற முதற்சோதனை.

புதிய தகடும் கருக்குமாயின் குறை இயந்திரத்தில் இருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் குறியிட்டு, மேசையின் நீளப் பள்ளத்திலிருந்து அப்பல்லின் தொலைவை முன்புறம் அளந்து, தகட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். ஒரே பல்லை அளப்பதால் தகட்டின் வளைவு கணக்கில் சேராது. இரு அளவுகளும் வேறுபடின் தகடு பள்ளத்திற்கு இணையாக இல்லை. அவை ஒத்திருந்தும் கருகல் நீடித்தால் வழிகாட்டிச் சட்டத்தைச் சோதித்தல் வேண்டும். அதன் பின்முனை தகட்டை நோக்கிச் சாய்ந்திருப்பது பின்னுதைப்புக்கும் காரணமாகும்.

வெட்டுத்தடம் வழக்கத்தை விட அகன்றால் தகடு தள்ளாடுகிறது எனலாம். வளைந்த தகட்டைக் குறை கூறுமுன் பிடிவளையத்தைத் துடைத்துப் பார்த்தல் நலம். 65 மி.மீ. வளையத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. தூள் சிக்கினால், விளிம்பில் அது ஏறத்தாழ 0.2 மி.மீ. விலகலாகப் பெருகும்.

மாற்றுதல்

மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே தகட்டைத் தொடுதல் வேண்டும். நிலைமாற்றியை அணைத்தல் மட்டும் போதாது. இயக்கத்தின்போது தானே கழலாதவாறு மரை அமைந்திருப்பதால், தகடு சுழலும் திசையிலேயே திருகினால் கொட்டை கழலும். மேசைக்கு மேல் தெரியும் பற்களின் வெட்டுமுனைகள் இயக்குபவரை நோக்கி இருக்குமாறு புதிய தகடு பொருத்தப்படும். பல்முனை உடைந்தோ உடலில் விரிசல் கண்டோ உள்ள தகடு பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட வேண்டும். வெறுமனே மழுங்கிய கார்பைடு தகட்டைச் சாணை பிடித்துப் பலமுறை மீண்டும் பயன்படுத்தலாம்.