அன்னியச் செலாவணியும் அன்றாடக் கூலியும்: 1991ஐ வடசென்னையிலிருந்து வாசித்தல்

1991ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி குறித்து எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலானவை டெல்லி நிதியமைச்சகத்தில் தொடங்கும், அல்லது மும்பை ரிசர்வ் வங்கியில். நாம் அதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று வாசிக்க விரும்புகிறோம்.

நடந்தது சுருக்கமாக இதுதான். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது, வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 1991 ஜூனில் கையிருந்த அன்னியச் செலாவணி இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தாங்குமா என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் போனது. ஜூலையில் மேலும் சுமார் 47 டன் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகுக்குப் போனது. ஜூலை 1, 3 ஆகிய தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் ஒரே நாளில் வந்தன.

தங்கம் அடகுக்குப் போனதை தேசத்தின் மானம் போனதாக அன்று பேசினார்கள். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்மலைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துப் பழகிய தெருக்கள் நம்முடையவை. அடகு வைப்பது நமக்குப் புதிதல்ல. வட்டியை யார் கட்டுவது என்பதுதான் நம் கேள்வி. அன்றைய விவாதத்தில் அதிகம் கேட்கப்படாத கேள்வியும் அதுவே. ஒரு பக்கம் உலகமயத்தை வரவேற்றவர்கள், மறுபக்கம் இறையாண்மை போகிறது என்று எதிர்த்தவர்கள். இரு தரப்புக்கும் ‘நாடு’ என்பது ஒற்றை உடம்பாகவே தெரிந்தது.

அந்த ஒற்றை உடம்பை முன்பே பிரித்துக் காட்டியவர் அம்பேத்கர். 1923இல் லண்டனில் வெளியான ‘ரூபாயின் பிரச்சினை’ நூலிலும், 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அளித்த சாட்சியத்திலும் நாணயத்தை அவர் வர்க்கக் கேள்வியாகப் பார்த்தார். ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே அது உள்ளூர் உழைப்பாளியின் பையிலிருந்தே போகிறது என்றார். நம் மேடைகளில் அரசியல் சட்டம் பேசப்படும் அளவுக்கு இந்தப் பொருளாதார அம்பேத்கர் பேசப்படுவதில்லை என்பது வருத்தமே.

இதை 1991 மீது வைத்துப் பார்ப்போம். அந்த ஆகஸ்டில் பணவீக்கம் 16 விழுக்காட்டைத் தாண்டியது. துறைமுகத்தின் நிரந்தரத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி உண்டு. விலைவாசிக் குறியீடு ஏறினால் அதுவும் ஏறும். அதே கப்பலின் சரக்கு வெளியே வந்ததும் அதை லாரியில் ஏற்றிய தினக்கூலிக்கு நடைமுறையில் அது கிடையாது. மதிலுக்கு உள்ளே ஒரு ரூபாய், வெளியே வேறொரு ரூபாய்.

வேலை போன கதையை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1943இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பின்னர் இடஒதுக்கீடு பொதுத்துறைக்கும் விரிந்தது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையிலும் உர ஆலையிலும், சென்னைத் துறைமுகத்திலும் நம் குடும்பங்களில் சிலருக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் குவார்ட்டர்ஸும் அப்படித்தான் வந்தன. 1991க்குப் பின் எந்த அரசும் இடஒதுக்கீட்டை ரத்து செய்யவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. இடஒதுக்கீடு இயங்குவது ரோஸ்டர் பதிவேட்டில். காலியிடம் விழுந்தால்தான் ரோஸ்டர் நகரும். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டு, அந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் பதவி மறைகிறது. பதவியோடு நம் முறையும் மறைகிறது. 1992இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் புதுப்பித்தல் நிதி, தொழிலாளருக்கு மறுபயிற்சி தரும் என்றார்கள். அதன் பெரும்பகுதி விருப்ப ஓய்வுக்கே செலவானது.

தனியார் ஆலைகளும் நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் வடசென்னைக்குச் சோறு போட்ட பெரம்பூர் பி அண்ட் சி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் இடையே மூண்ட மோதலின் நினைவைச் சுமந்த ஆலை அது. மூடும்போது அது சாதி பார்க்கவில்லை என்பார்கள். மூடிய பின் யாருக்குக் கடை வைக்க முதல் இருந்தது, யாருக்குச் சுமை தூக்கும் வேலை மட்டும் இருந்தது என்பதில் சாதி இருந்தது.

சந்தை சாதியை உடைக்கும், தலித்துகள் முதலாளிகள் ஆகட்டும் என்ற குரலும் நம்மிடையே உண்டு. சந்திரபான் பிரசாத் அதை வலுவாக முன்வைத்தார். 2005இல் தலித் தொழில் வணிகச் சபையும் உருவானது. அந்தக் குரலை நாம் ஏளனம் செய்யவில்லை. கிராமத்துப் பண்ணையை விட்டு ஓடிவர நகரச் சந்தை கதவு திறந்ததை மறுக்க முடியாது. ஆனால் எண்ணூரில் நிலக்கரித் தூசிக்குள் மண்வெட்டி பிடிப்பவரிடம் முதலாளி ஆகச் சொல்வது, படகில்லாதவரிடம் கடலைக் காட்டுவதுபோல.

2001ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்த முதல் பெருந்துறைமுகமாக எண்ணூர் இயங்கத் தொடங்கியது. மிகக் குறைந்த நேரடி ஊழியர்கள், மற்றதெல்லாம் உரிமம் பெற்ற கம்பெனிகள். சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குப் போனது. ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் ‘செயில்’ வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் அத்தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் அதே நீதிமன்றம் திறந்த கதவு அத்துடன் மூடியது. 2008இல் உலக நிதி நெருக்கடி வந்து, எண்ணூர் அசோக் லேலண்டில் வேலை நாட்கள் குறைக்கப்பட்டன. நிரந்தரத் தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தை நடத்தச் சங்கம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூட வேண்டியதில்லை. மறுநாள் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். ரோஸ்டர் பதிவேட்டில் சாதி இருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தக்காரர் வைத்திருக்க வேண்டியிருந்த தொழிலாளர் பதிவேட்டில் பெயர், வயது, தந்தை பெயர், முகவரி, வேலையின் தன்மை எல்லாம் இருந்தன. சாதிக்குக் கட்டம் இருக்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கேட் கேட்டாகப் போய், அந்தக் கட்டத்தை நாமே நிரப்ப வேண்டியிருக்கிறது.