திண்மத் தடங்காணிகள்

காஸ்மிக் கதிர்களில் பெரும்பங்கு புரோட்டான்கள், அடுத்தது ஹீலியம். ஆக்சிஜன், இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் நூற்றில் ஒன்று அளவே. இந்தக் கன அயனிகள் பிளாஸ்டிக், மைக்கா, கண்ணாடி முதலிய மின்கடத்தாப் பொருள்களைத் துளைத்துச் செல்லும்போது உண்டாகும் சிதைவைக் கொண்டு அவற்றை அடையாளம் காணும் சாதனமே திண்மத் தடங்காணி.

விண்வெளியிலிருந்து நேரே வரும் முதற்கதிர்களில் கன அணுக்கருக்கள் உண்டு என்பது 1948-இல் மினசோட்டா, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் பலூனில் ஏற்றி அனுப்பிய ஒளிப்படப் பால்மங்களிலும் முகிற்கலத்திலும் தெரியவந்தது. அக்குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டர்ஸ் பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். பால்மத்தில் ஒரு தொல்லை: புரோட்டானும் எலெக்ட்ரானும்கூட அதில் பதிந்துவிடும்.

1958-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் டி. ஏ. யங், யுரேனியப் பிளவுத்துணுக்குகள் பாய்ந்த லித்தியம் ஃபுளூரைடு படிகத்தை வேதிக்கரைசலில் அரித்தபோது, துணுக்கு பாய்ந்த இடங்களில் குழிகள் தோன்றின. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் ஆகிய மூவரும் 1960-களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தனர். அயனி சென்ற வழியில் பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்துகிடக்கும். பிளாஸ்டிக் தாளைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் அந்த வழி மட்டும் விரைந்து கரைந்து கூம்புவடிவக் குழியாகும். சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். குழியின் நீளமும் வாயகலமும் அயனியின் மின்னூட்டத்தையும் வேகத்தையும் காட்டிக்கொடுக்கும். இலேசான துகள்கள் சுவடே விடுவதில்லை என்பதுதான் பெரிய வசதி. மின்சாரமும் தேவையில்லை. அப்போலோ 8, 12 வீரர்களின் பாலிகார்பனேட் தலைக்கவசங்களை அரித்துப் பார்த்தபோது அவற்றிலும் காஸ்மிக் கதிர்த் தடங்கள் கிடைத்தன. கருவி என்று யாரும் எண்ணாத பொருளே கருவியாயிற்று.

ஆனால் தடத்துக்குப் பொருள் கொள்வதில் சறுக்கலும் நேர்ந்தது. பலூனில் பறந்த தாளடுக்கில், வட, தென் முனைகளில் ஒன்றை மட்டும் கொண்ட துகளான ஒற்றைக் காந்தமுனை பதிந்ததாகப் பிரைஸ் குழு 1975-இல் அறிவித்தது. வழியிலேயே உடைந்து இலேசாகிக்கொண்டே வந்த பிளாட்டினம் அணுக்கருவும் அதே தடத்தை விடும் என்று இயற்பியலாளர் லூயி ஆல்வாரெஸ் காட்டினார். உரிமைகோரல் கைவிடப்பட்டது.

1978-இல், மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் சி.ஆர்.-39 பிளாஸ்டிக் இன்னும் நுட்பமானது எனத் தெரிந்தது. எஞ்சிய குறை, துகள் வந்த நேரம் பதிவாகாததே. டாட்டா நிறுவனத்தின் எஸ். பிஸ்வாஸ் தலைமையில் உருவாகி, 1985-இல் சாலஞ்சர் விண்ணோடத்தில் ஸ்பேஸ்லேப்-3 உடன் பறந்த ‘அனுராதா’ என்னும் கருவி இதைச் சாமர்த்தியமாகத் தீர்த்தது. ஒரு தாளடுக்கு அசையாதிருக்க, மற்றொன்று மெல்லச் சுழலும். இரண்டிலும் உள்ள தடம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதிலிருந்து நேரம் கிடைக்கும். நேரம் தெரிந்தால் ஓடம் பூமியின் எப்பகுதிக்கு மேல் இருந்தது என்பதும், புவிக்காந்தப்புலம் அங்கே எத்தகைய அயனியை உள்ளே விடும் என்பதும் தெரியும். ‘முரண் கதிர்கள்’ எனப்படும் குறைந்த ஆற்றலுள்ள காஸ்மிக் கதிர்களின் ஆக்சிஜன் அயனிகள் ஓரிரு எலெக்ட்ரான்களையே இழந்திருந்தன என்பது இவ்வாறு புலப்பட்டது.

நேரம் வேண்டாத ஆய்வுகளில் பழைய எளிமையே போதுமாயிருந்தது. 1984 முதல் 1990 வரை புவியைச் சுற்றிய எல்டெஃப் (LDEF) என்னும் விண்கலத்தின் பாலிகார்பனேட் தாள்களில், யுரேனியத்தை ஒட்டிய ஆக்டினைடு அணுக்கருக்கள் சில டஜன் பதிந்திருந்தன.