மேகக் கணிமை அடிப்படைச் சான்றிதழ்க் கல்வி (ஹேடோ, அந்தமான்)

கணினி, சேமிப்பகம், தரவுத்தளம் முதலியவற்றை இணையம் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் முறையே மேகக் கணிமை. அதைத் தொடக்க நிலையில் ஒருவர் அறிந்திருக்கிறார் என்று சான்றளிக்கும் தேர்வுகளுள் அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்ட்டின் ஏஇசட்-900, கூகுளின் கிளவுட் டிஜிட்டல் லீடர் ஆகிய மூன்றும் பரவலானவை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அத்தேர்வுகளுக்கான கல்வியை ஹேடோவில் இருப்பவர் நிலையிலிருந்து பார்ப்பது இக்கட்டுரை. சென்னைக் கப்பல்கள் வந்து அணையும் துறையும் சாத்தம் தீவும் அருகருகே அமைந்த ஹேடோ, போர்ட் பிளேயரின் ஒரு பகுதி. (நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.) 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு, வங்காளமும் இந்தியும் மட்டுமே அதற்கு மேல்.

முன்வரலாறு

மேகக் கணிமை என்ற எண்ணத்தின் முன்னோடிகளுள் ஒருவர் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய அவர், தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாகும் என்றார். அப்போது கணினி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் பொருள். ஒருவருடைய வேலை முடியும்வரை மற்றவர் காத்திருப்பார். வேலை கொடுத்தவர் யோசிக்கும் நேரத்தில் இயந்திரம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நொடிகளைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே நேரப் பகிர்வு. ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் அதே எம்.ஐ.டி.யில் 1961 நவம்பரில் அது செய்து காட்டப்பட்டது. ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகள் இருப்பதுபோல ஒவ்வொரு பயனருக்கும் தோன்றச் செய்யும் மெய்நிகர் இயந்திரத்தை ஐ.பி.எம். அறுபதுகளில் உருவாக்கி, 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மேகத்தின் எலும்புக்கூடு இந்த இரண்டும்தான். பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி வணிக ஏற்பாடு.

அவ்வணிகம் 2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 சேமிப்பகத்தைத் திறந்தபோது உருப்பெற்றது: ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்க சென்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் கணினியை வாடகைக்கு விடும் ஈசி2 வந்தது. கணினி ஒன்றுக்கு மணிக்கு 10 சென்ட். மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் 2010 பிப்ரவரியில் வணிகத்துக்கு வந்தது.

வகைப்பாடு

பாடத்திட்டங்கள் பலவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஆவணம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் மெல், டிமோத்தி கிரான்ஸ் இருவரும் பதினைந்து வரைவுகளுக்குப் பின் 2011இல் இறுதி செய்த வரையறை அது. பண்புகள் ஐந்து: கேட்டவுடன் தானே எடுத்துக்கொள்ளல், வலைப்பின்னல் வழியே பரவலாக அணுகல், வளங்களைப் பொதுவில் வைத்துப் பங்கிடல், தேவைக்கேற்பச் சட்டென விரிந்து சுருங்கல், பயன்பாட்டை அளந்து கணக்கிடல். சேவை வகைகள் மூன்று: உள்கட்டமைப்பு, தளம், மென்பொருள். நிறுவும் முறைகள் நான்கு: தனியார், சமூகம், பொது, கலப்பு. ஆவணம் சில பக்கங்களே. இதை முதலில் வாசித்துவிட்டு நிறுவனங்களின் காணொளிகளுக்குப் போகிறவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

இவ்வைந்தில் இரண்டாவது பண்பைப் பெருநகர மாணவர் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடுவார். ஹேடோவில் அப்படிக் கடக்க முடியாது. தகவல்தொடர்பு இத்தீவுகளை எப்போதும் தாமதமாகவே வந்தடைந்தது. 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அது போர்ட் பிளேயரில் கரையேறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாக் கரையிலிருந்த டயமண்ட் தீவுடன் கம்பியில்லாத் தந்திதான் இணைப்பாயிற்று. பின்னர் நெடுங்காலம் செயற்கைக்கோள். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஹேடோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேள்வி ஏறி இறங்கி, விடை ஏறி இறங்கித் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரை வினாடி ஆகும். இருக்கும் அலைக்கற்றையைத் தீவுகள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் காத்திருப்பு அதற்கும் மேல். பயிற்சிக் காணொளி சுழன்றுகொண்டே நிற்கும். மேலாண்மைத் திரை பாதி திறந்து நின்றுவிடும்.

2018 டிசம்பர் 30 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நரேந்திர மோதி அதைத் தொடக்கிவைத்தார். கிளைகள் உட்பட நீளம் ஏறத்தாழ 2,300 கி.மீ., செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். செயல்படுத்தியது, கம்பி போட்டது ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம். போர்ட் பிளேயரிலிருந்து ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களுக்கும் கிளைகள் சென்றன. இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். எனவே சென்னைக்குப் போய்வர, கணக்குப்படி, வினாடியில் நூறில் இரண்டு பங்குகூட ஆகாது. மேகம் தீவுக்குக் கடலடி வழியாகவே வந்தது என்பது மிகையன்று.

தரவு மையங்கள் அமைந்த பகுதியைக் குறிக்க பாடத்தில் வரும் ‘ரீஜன்’ என்ற கருத்தும் இங்கே கையில் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் தென்னிந்திய ரீஜன் 2015 முதல் சென்னையிலேயே இருக்கிறது. கம்பி கரையேறும் நகரமும் அதுவே. அமேசானுடையவை மும்பையிலும் (2016) ஹைதராபாத்திலும் (2022). பயிற்சிக்கென ஒரு கணினியை ஏற்றும்போது அமெரிக்க ரீஜனிலேயே விட்டுவிடும் மாணவர், ஒரு பெருங்கடலையும் ஒரு கண்டத்தையும் தேவையின்றிக் கடக்கிறார்.

தேர்வு

அமேசான் தேர்வில் 65 வினாக்கள், 90 நிமிடம், கட்டணம் 100 டாலர். மதிப்பெண்ணில் சேருபவை 50 மட்டும். மற்ற 15 எவை என்று சொல்லமாட்டார்கள். 1,000க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. ஆகவே எதையும் வெறுமையாக விடக்கூடாது. தமிழில் வினாத்தாள் கிடையாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் முன்பதிவுக்கு முன்பே விண்ணப்பித்தால் 30 நிமிடம் கூடுதலாகப் பெறலாம். பலர் இதை அறியாமலே எழுதிவிடுகிறார்கள்.

அதிகம் சறுக்கும் இடம் பொறுப்புப் பகிர்வு. ஈசி2 கணினியின் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடுவது யார் வேலை? வாடிக்கையாளர் வேலை. அதே திருத்தம் ஆர்.டி.எஸ். தரவுத்தளத்தின் அடியிலுள்ள இயங்குதளத்துக்கு என்றால் அமேசான் வேலை. கட்டடக் காவல் எப்போதும் அமேசானுடையது; யாருக்கு எந்த அனுமதி என்பது எப்போதும் வாடிக்கையாளருடையது. இந்த நான்கையும் குழப்பாதவருக்குப் பாதுகாப்புப் பகுதியின் 30 விழுக்காடு அச்சம் தருவதில்லை.

இன்றைய நிலை

வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதவும் வசதி உண்டு. இலவசப் பாடங்களில் ஐ.ஐ.டி. கரக்பூர் வழங்கும் என்.பி.டி.இ.எல். வகுப்பு குறிப்பிடத்தக்கது. அமேசான், கூகுளின் அடிப்படைச் சான்றிதழ்கள் மூன்றாண்டுக்குச் செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படைச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை.